கோலே டாங் என்னும் மேய்ச்சல் மீன்

கடல்நீர்த் தொட்டி வைத்த சில வாரங்களில் கண்ணாடியில் பழுப்புத் தூள் படியத் தொடங்கும். அடுத்து பாறைமேல் பச்சை ஏறும். கடையில் போய்ச் சொன்னால் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "ஒரு டாங் வாங்கி விடுங்க சார், எல்லாப் பாசியையும் அதுவே தின்னுடும்." இந்தப் பதிலில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி வாங்கப்படும் மீன்கள் பல, சில மாதங்களில் பட்டினியால் சாகின்றன.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கத்திபோல் கூர்மையான முள் உள்ள குடும்பம் சர்ஜன் மீன். இதில் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தொட்டி வளர்ப்போர் இவற்றை டாங் என்பார்கள். பல இனங்கள் ஓர் அடிக்கு மேல் வளர்பவை, வீட்டுக்கு ஒத்துவராதவை. சிறியவற்றில் ஒன்று கோலே டாங். முழு வளர்ச்சியில் சுமார் 15 முதல் 18 சென்டிமீட்டர் இருக்கும். செம்பழுப்பு உடல், அதில் நெடுக ஓடும் மெல்லிய வெளிர்நீலக் கோடுகள், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். ஹவாய்த் தீவுகளின் பவளப்பாறைகளில் எங்கும் காணக்கூடிய மீன் இது.

ரீஃப் தொட்டி என்பது மீனோடு பவளங்களும் நுண்ணுயிர்கள் குடியேறிய பாறைகளும் வலுவான விளக்கும் உள்ள கடல்நீர்த் தொட்டி. இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது பவளம் விற்றால் விலகிப் போய்விடுங்கள். பவளமே இல்லாமல், வெறும் பாறைகளோடும் இந்த மீனை நன்றாக வளர்க்கலாம்.

கிடை போட்ட வயல்

தஞ்சைப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராமநாதபுரத்திலிருந்து மந்தையை ஓட்டிவரும் கீதாரிகள் பகலில் ஆடுகளைத் தரிசில் மேய்ப்பார்கள். இரவில் வயலில் பட்டி கட்டி அடைப்பார்கள். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். புல்லை ஒழித்துத் தந்ததற்கான கூலி அல்ல அது. இரவு முழுக்க விழும் புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும், அதாவது உரத்துக்குக் கொடுக்கும் விலை. ஆடு வாய் வைத்த இடத்தில் புல் குறையும், ஆடு தங்கிய இடத்தில் மண்ணின் சத்து கூடும். இரண்டும் உண்மை.

தொட்டியில் மேயும் மீனும் இதையேதான் செய்கிறது. தின்ற பாசியில் ஒரு பங்கு அதன் உடலாகிறது. ஒரு பங்கு செவுள் வழியாக அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. மீதி கழிவாகக் கீழே விழுகிறது. அம்மோனியாவைப் பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும். கழிவு மட்கும்போது பாஸ்பேட் வெளிவரும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் என்ன? பாசிக்கான உரம்.

ஆட்டுக்கும் மீனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆடு காலையில் அடுத்த வயலுக்குப் போய்விடும். தொட்டி மீனுக்குப் போக வேறு இடமில்லை. போதாததற்கு நீங்கள் தினமும் வெளியிலிருந்து தீனி கொட்டுகிறீர்கள். ஆகவே ஒரு டாங் வந்ததும் தொட்டியில் சேரும் உரத்தின் அளவு கூடத்தான் செய்யும்.

அப்படியானால் பாசி ஏன் குறைகிறது?

டாங் விட்ட பத்து நாளில் பாறை பளிச்சென்று ஆனதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது பிரமை இல்லை. இங்கே இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று இருப்பு: இந்த நிமிடத்தில் பாறைமேல் எவ்வளவு பாசி நிற்கிறது என்பது. இன்னொன்று விளைச்சல்: ஒரு நாளில் எவ்வளவு புதிதாக முளைக்கிறது என்பது.

மேயும் மீன் குறைப்பது இருப்பை. விளைச்சலை அது நிறுத்துவதில்லை. உண்மையான பவளப்பாறையில் இது அழகாகத் தெரியும். மீன்கள் அடர்ந்து மேயும் பாறை வெறுமையாகத்தான் காட்சி தரும். ஆனால் அங்கே முளைக்க முளைக்க வாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது. மேயும் மீன்களை வலையிட்டுப் பிடித்துவிட்டால் சில வாரங்களில் அதே பாறை பாசிக்காடாகிவிடும்.

உரம் தொட்டியை விட்டுப் போக வேண்டுமானால் யாராவது வெளியே எடுக்க வேண்டும். வழிகள் சிலதான். வாரந்தோறும் ஒரு பங்கு நீரை மாற்றுவது ஒன்று. புரோட்டீன் ஸ்கிம்மர் இன்னொன்று: நீரில் நுண்குமிழிகளை ஓடவிட்டு, அழுக்கை நுரையோடு மேலே ஏற்றி ஒரு கோப்பையில் சேர்க்கும் கருவி. மூன்றாவது வழி கொஞ்சம் விநோதமானது. தொட்டிக்கு அடியில் உள்ள சம்பில், அதாவது வடிகட்டும் கருவிகள் வைக்கும் துணைத் தொட்டியில், வேண்டுமென்றே ஒருவகைப் பாசியை விளக்குப் போட்டு வளர்த்து, மாதம் ஒருமுறை பிடுங்கிக் குப்பையில் போடுவது. பிடுங்கிய பாசியோடு அது உறிஞ்சிய உரமும் போய்விடும்.

இதில் டாங்கின் பங்கு ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பாறையில் ஒட்டிக்கிடந்த பாசியை அது நீரில் மிதக்கும் கழிவாக மாற்றித் தருகிறது. ஒட்டிக்கிடப்பதை எந்த வடிகட்டியாலும் பிடிக்க முடியாது, மிதப்பதைப் பிடிக்க முடியும். நல்ல ஸ்கிம்மரும் நீரோட்டமும் உள்ள தொட்டியில் டாங் உண்மையிலேயே உதவுவது இந்த வழியில்தான். அவை இல்லாத தொட்டியில் பாறையின் அழுக்கு மணலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: பாசி வளரக் காரணம் உரமும் வெளிச்சமும். டாங் பாசியைக் குட்டையாக வைத்திருக்கும், உரத்தைக் குறைக்காது. குறைப்பது உங்கள் வேலை.

கோலேயின் வாய்

"பாசி தின்னும் மீன்" என்ற ஒரே பெயரில் எல்லா டாங்குகளையும் அடைப்பது அடுத்த குழப்பம். தொட்டிக்கு வரும் சிறிய டாங்குகளில் அடிப்படையில் இரண்டு வகை வாய்கள் உண்டு.

மஞ்சள் டாங்குக்கு முன்னே நீண்ட மூக்கு, நறுக்கும் தன்மையுள்ள உறுதியான பற்கள். இழை இழையாக நீளும் பாசியைக் கவ்விப் பறிக்கும். கோலே வேறு மாதிரி. அதன் பற்கள் மிக மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம், நுனி உள்நோக்கி வளைந்தவை, அழுத்தினால் வளைந்து கொடுப்பவை. அதன் இனத்தொகுதிக்கே ஆங்கிலத்தில் தூரிகைப் பல் டாங் என்ற பொருளில்தான் பெயர். மேயும்போது வாயை அகலத் திறந்து உதடுகளைப் பாறைமேல் பதிக்கும், தாடையை மூடும் வேகத்தில் மேற்பரப்பில் இருப்பதை வழித்து உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியில் அது மேயும்போது வெளியிலிருந்து பாருங்கள்: முத்தம் கொடுத்த தடம்போல உதட்டு வடிவில் சின்னச் சின்னச் சுத்தமான வட்டங்கள் விழும்.

அப்படி அது வழித்தெடுப்பது என்ன? மேலோட்டமான படலம்: நுண்பாசிகள், பாக்டீரியா, மட்கு. செத்த பாசித் துணுக்கும் மீன் கழிவும் மணல்தூளும் கலந்து படிந்த பொருளைத்தான் மட்கு என்கிறேன். வேரூன்றி நிற்கும் இழைப்பாசியைப் பறிக்க அந்தப் பற்களுக்கு வலு கிடையாது. 2017-இல் வெளியான, ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வொன்று கோலேயின் நெருங்கிய உறவு மீன் ஒன்றையும் வேறொரு சர்ஜன் மீனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. இரண்டுமே பாறையில் ஓயாமல் வாய் வைப்பவை, நீருக்கடியில் பார்ப்பவருக்கு ஒரே வேலை செய்வதாகத் தோன்றுபவை. ஆனால் பாசியைக் கணிசமாகக் குறைத்தது மற்ற மீன்தான். கோலேயின் உறவு மீன் பாசிக்கு நடுவே இருந்த மட்கை எடுத்துக்கொண்டு பாசியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டது.

வயிறும் இதற்கேற்றபடி அமைந்திருக்கிறது. கோலே வகையின் இரைப்பைச் சுவர் தடிப்பானது. உள்ளே போன மணல்தூளையே கொண்டு உணவை அரைக்கும். மஞ்சள் டாங்கின் இரைப்பைச் சுவர் மெல்லியது.

தொட்டிக்குச் சம்பந்தமில்லாத ஒரு கிளைக்கதை, ஆனால் இந்த மீனின் உணவுப் பழக்கத்துக்கு நல்ல சாட்சி. பசிபிக் தீவுகளில் பாறை மீன் தின்றவர்களுக்கு வரும் சிகுவாட்டெரா என்ற நஞ்சேற்றத்தின் மூலம், இந்தப் படலத்தில் வாழும் ஒருவகை நுண்பாசி. படலத்தை வழிக்கும் மீனுக்குள் நஞ்சு போகிறது, அதைத் தின்னும் பெரிய மீனில் சேர்கிறது, கடைசியில் மனிதர் தட்டுக்கு வருகிறது. கோலேயின் அதே உறவு மீனை டஹிட்டியில் மாய்டோ என்பார்கள். அதிலிருந்துதான் மாய்டோடாக்சின் என்ற கடும் நஞ்சு முதலில் கண்டறியப்பட்டது.

உங்கள் தொட்டியில் இருப்பது எந்தப் பாசி?

மீன் வாங்குமுன் விரலால் தேய்த்துப் பாருங்கள். தூளாக வழிந்து வரும் பழுப்பு அல்லது பச்சைப் படலம் என்றால் கோலேக்கு விருந்து. அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று இழையாக நிற்கிறதென்றால் கோலே அதன்மேல் படிந்த தூசியைத் தின்றுவிட்டுப் போய்விடும். மஞ்சள் டாங் குட்டையாக இருக்கும்போதே அதைப் பறிக்கும். காடாக வளர்ந்த பிறகு அதுவும் திரும்பிப் பார்க்காது. முதலில் கையால் பிடுங்கிக் கொடுத்தால்தான் எந்த மீனும் தொடரும்.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் வழவழப்பான விரிப்பாக உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. பாசியே இல்லை, ஒருவகை பாக்டீரியா. எந்த டாங்கும் அதை ஒழிக்காது.

மேய்ச்சல் தீர்ந்த பிறகு

கடைப் பதிலின் ஆபத்தான பாதிக்கு வந்துவிட்டோம். தொட்டி அழுக்காக இருக்கிறது என்று கோலேயை வாங்குகிறீர்கள். இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறது. உங்களுக்கு மகிழ்ச்சி. மீனுக்கோ பஞ்சம் தொடங்கிவிட்டது. கடலில் அது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஆயிரக்கணக்கான முறை வாய் வைக்கும். ஒவ்வொரு வாயிலும் கிடைக்கும் சத்து அற்பம், அதனால்தான் இடைவிடாத மேய்ச்சல். ஒரு நாளைக்கு ஒரு வேளை குருணைத் தீனி என்ற ஏற்பாடு அதன் குடலுக்குப் பொருந்தாது.

பட்டினியை முகத்தில் பார்க்க முடியாது, வயிற்றில்தான் பார்க்க வேண்டும். எதிரே நின்று நேர் முன்னாலிருந்து பாருங்கள். பக்கத் துடுப்புக்குக் கீழே வயிறு உள்ளொடுங்கியிருந்தால் பசி. தலைக்குப் பின்னால் முதுகுச் சதையும் வற்றிக் கூராகிவிட்டிருந்தால் மீளுவது கடினம்.

என்ன கொடுக்கலாம்? நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாள்தான் அடிப்படை. சூஷி செய்ய விற்கும் வெறும் தாள் போதும். உப்பும் எண்ணெயும் சேர்த்து நொறுக்காக விற்பது வேண்டாம். புதிதாக வந்த கோலே கிளிப்பில் மாட்டிய நோரியைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விலகிப்போகும். அதன் பல் கிழிக்கும் பல் இல்லையே. நோரியை ஒரு தட்டையான கல்லோடு ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டி அடியில் வைத்தால், மேற்பரப்பை வழிக்கும் பழக்கத்திலேயே அதைத் தின்னத் தொடங்கும். ஜெல் தீனியைக் குழைத்துக் கல்லில் பூசி, இறுகியதும் உள்ளே வைப்பதும் நன்றாக வேலை செய்கிறது. காய்கறி மீனாயிற்றே என்று இறாலை அறவே விலக்க வேண்டியதில்லை. கடலில் அது வழிக்கும் மட்கிலேயே நுண்ணுயிர்ப் புரதம் நிறைய இருக்கிறது. வாரத்தில் சில நாள் பொடியாக்கிய இறால் நல்லதுதான்.

சாரம்: கோலே வந்த பிறகும் தொட்டியில் அதற்குத் தீனி இருக்க வேண்டும். பாசி தீர்க்க வாங்கும் மீன் என்று நினைப்பதைவிட, பாசி உள்ள தொட்டியில் மட்டுமே வாழக்கூடிய மீன் என்று நினைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இடம், நீளம், காற்று

தொட்டியின் வயது முக்கியம். வைத்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், பாறைகளில் படலம் ஊறியிருக்க வேண்டும். அளவைப் பொறுத்தவரை 4 அடி நீளம், சுமார் 280 லிட்டர் என்பதைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். லிட்டரைவிட நீளமே முக்கியம் என்பது என் கட்சி. டாங்குகள் பக்கவாட்டில் ஓடித் திரும்பும் மீன்கள். உயரமான கனசதுரத் தொட்டியில் நீர் எவ்வளவு இருந்தாலும் அவற்றுக்கு ஓடுபாதை கிடையாது.

இவை அலை மோதும் பாறைகளில் வாழ்பவை, ஆக்ஸிஜன் அதிகம் கேட்பவை. வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்ஸிஜன் குறையும்: கடல்நீரில் 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம், 30 பாகையில் 6.2. சென்னை மே மாதத்தில் நீரைக் குளிர்விக்கும் சில்லரோ ஏசி அறையோ இல்லாமல் இந்த மீனை வைப்பது சூதாட்டம். மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்பு வாங்கி வையுங்கள். விலை சொற்பம்.

வாங்கும்போது

கோலே என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒரே இனம் இல்லை. 2001-இல் நடந்த வகைப்பாட்டுத் திருத்தத்தில், அதுவரை ஒரே இனமாக எண்ணப்பட்டவை நான்காகப் பிரிக்கப்பட்டன. அசல் கோலே ஹவாய் வட்டாரத்துக்கு உரியது. நம் இந்தியப் பெருங்கடலில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட உறவு: உடலில் கோட்டுக்குப் பதில் நுண்புள்ளிகள், குஞ்சுப் பருவத்தில் பளிச்சென்ற மஞ்சள். அந்தக் குஞ்சை மஞ்சள் டாங் என்று நம்பி வாங்கி, வளர்ந்து பழுப்பானதும் ஏமாந்துபோனவர்கள் உண்டு. இந்தோனேசியாவிலிருந்து வரும் டோமினி டாங்கும் இதே வகை, இதே அளவு. வளர்ப்பு முறையில் இவற்றுக்குள் வேறுபாடு இல்லை.

ஹவாய் மீன்களின் விலை ஏறியதற்கும் காரணம் இருக்கிறது. ஹவாய் பெருந்தீவின் மேற்குக் கரையில் தொட்டி வணிகத்துக்காகப் பிடித்ததில் முதலிடம் மஞ்சள் டாங், இரண்டாமிடம் கோலே. 2017-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் இந்தப் பிடிப்புக்கு அனுமதி தர முடியாது என்றது. 2021 தொடக்கத்தில் மாநிலம் முழுக்க வணிகப் பிடிப்பு நின்றது. மஞ்சள் டாங்கைப் பொறுத்தவரை 2015-இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் அதைப் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டியது. பண்ணை மீன் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள், தீனிக்கும் பழகியிருக்கும்.

கடையில் மீன் பாறையில் வாய் வைக்கிறதா என்று பாருங்கள். வாய் நுனியில் காயம் இருந்தால் வேண்டாம், அதற்கு வாய்தான் பிழைப்பு.

டாங்குகளுக்கு வெண்புள்ளி நோய் எளிதில் தொற்றும். நோய்க்குக் காரணம் ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. மீன்மேல் சில நாள் உப்புக் கல் தூவியதுபோல் தெரியும், பிறகு காணாமல் போகும். பூண்டு கொடுத்தேன், சரியாகிவிட்டது என்று பலர் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். ஒட்டுண்ணி சாகவில்லை. மீனை விட்டு இறங்கி, பாறையில் கூடு கட்டி, உள்ளே பலவாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. அடுத்த அலை இன்னும் கடுமையாக வரும். செப்பு மருந்து இதற்கு வேலை செய்யும், ஆனால் அதே செப்பு பவளத்தையும் நத்தையையும் இறாலையும் கொல்லும். ரீஃப் தொட்டிக்குள் அதை ஊற்றவே கூடாது. எனவே புது மீனை நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். அங்கேயும் நோரிக்கல் வைக்க மறந்துவிடாதீர்கள், வெறும் கண்ணாடித் தொட்டியில் மேய எதுவுமே இருக்காது.

கத்தியும் சண்டையும்

கோலே சாதுவான டாங்தான். ஆனால் தன்னைப்போல் உருவமும் தீனியும் உள்ள இன்னொரு மீனைப் பொறுத்துக்கொள்ளாது. ஒரு தொட்டிக்கு ஒரு கோலே. வேறு டாங்கும் வைக்கும் எண்ணமிருந்தால் கோலேயை முதலில் விடுங்கள், முரட்டுப் பேர்வழிகளைக் கடைசியில்.

வாலடி முள் மடங்கிக் கிடக்கும், சண்டையில் விரியும். வலையால் பிடித்தால் அது நூலில் சிக்கிக்கொள்ளும். உதறும்போது மீனுக்கும் உங்கள் விரலுக்கும் காயம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து, மீனை மெதுவாக அதற்குள் ஓட்டிக் கோரி எடுப்பதுதான் முறை.

ஊருக்குப் போகும்போது

தானியங்கித் தீனிப்பெட்டி குருணை போடும், நோரி கட்டாது. உள்ளங்கை அளவுள்ள நாலைந்து தட்டைக் கற்களை ஒரு வாளிக் கடல்நீரில் போட்டு, சிறிய காற்றுக்குழாயும் மேலே ஒரு விளக்கும் வையுங்கள். நீர் மாற்றும்போது வெளியே எடுக்கும் பழைய நீரையே வாளிக்குப் பயன்படுத்தினால் அதிலுள்ள நைட்ரேட்டே உரமாகிவிடும். மூன்று நான்கு வாரத்தில் கற்களில் படலம் ஏறும். வாரம் ஒரு கல்லைத் தொட்டிக்குள் வைத்து, மேய்ந்து முடித்த கல்லை வாளிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? கிளம்பும் நாளில் மீதமுள்ள கற்களை ஒன்றாக உள்ளே வைத்துவிடுங்கள், நாலைந்து நாளுக்குத் தாங்கும்.